நாலாம் பெட்டி

ஜனவரி 5, திங்கள்

ஹாஸ்டல் வாசல் கடையில் இந்த நோட்டை வாங்கினேன். அட்டையில் 192 பக்கம் என்று போட்டிருந்தது. அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் நானில்லை.

பின்னால் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக முதலிலேயே எழுதிவைக்கிறேன். என் பெயர் கோமதிநாயகம். இயந்திரவியல், நான்காம் ஆண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே திட்டம் போட்டு மாணவர்களே செய்து முடிக்கும் வேலைகளுக்கென்று ஒரு பட்டறை உண்டு. அதில் படகுக் குழுவுக்கு நான் கேப்டன். செங்குறிச்சிக் குளம் முழுக்க அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடிக் கிடக்கிறது. மடை அடைத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் போகவில்லை. அந்தச் செடியை வாரி இழுத்து, சுழலும் பட்டையில் ஏற்றிப் பின்னால் கொட்டுகிற படகைத்தான் நாங்கள் செய்கிறோம். மார்ச் 14 அன்று ஊரார் முன்னால் வெள்ளோட்டம். ஓட்டப்போவது இஸ்ரவேல். என் அறைத்தோழன். எஞ்சினைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை, நீச்சலைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை. "படகு முழுகினா என் கல்லறையில உன் பேரையும் சேத்து வெட்டச் சொல்லுவேன்ல" என்பான்.

நோட்டு எதற்கென்றால், பட்டறையில் களவு நடக்கிறது. டிசம்பரில் ஒரு ஸ்பானர், ஒரு அளவுநாடா காணோம். யாரோ கை நீளமானவர் நமக்குள்ளேயே இருக்கிறார். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஜனவரி 9

மிதவைப் பெட்டிகள் ஆறும் தயார். முன்னிருந்து பின்னாக, இடது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. வலது பக்கம் நாலு, ஐந்து, ஆறு. படகே இந்த ஆறின் மேல்தான் மிதக்கும். பெட்டிகளின் பக்கத் தகடுகளை மற்றவர்கள் வெல்டு வைத்தார்கள். தண்ணீருக்குள் இருக்கப்போகும் அடித்தகடுகள் மொத்தமும் என் வேலை. கஷ்டமான வேலையைக் கேப்டன்தான் செய்ய வேண்டும். எங்கள் வழக்கப்படி வெல்டு வைத்தவர் பக்கத்தில் மஞ்சள் பெயின்டால் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். ஆறு அடித்தகட்டிலும் "கோ" என்று போட்டிருக்கிறேன். பார்க்கவே கம்பீரமாக இருக்கிறது.

இன்று ஒன்றாம் பெட்டியில் கசிவு சோதனை. சைக்கிள் பம்பால் உள்ளே காற்றடித்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். ஓட்டை இருந்தால் குமிழி வரும். தடவியது பேச்சியம்மாள். டிப்ளமோ முடித்துவிட்டு நேராக இரண்டாமாண்டில் வந்து சேர்ந்தவள், இப்போது மூன்றாமாண்டு. லேட்டரல். இவர்களுக்குக் கணக்கு வராது, கையில் கிரைண்டரைக் கொடுத்தால் மட்டும் தாங்களே தலைமைப் பொறியாளர் என்று நினைப்பு. எல்லாரும் சுற்றி நிற்கும்போது என் வெல்டைப் பற்றி ஏதோ சொன்னாள். நானும் பதில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இனிமேல் சோதனையைக் கேப்டன் மட்டுமே செய்வார் என்று போர்டில் எழுதிவிட்டேன்.

கைக்குட்டை முழுக்கச் சோப்புப் பிசுபிசுப்பு. துவைத்துக் காயப்போட்டேன். பேன்டில் தீப்பொறி பட்டு இரண்டு ஓட்டை. அம்மா பார்த்தால் திட்டுவாள்.

ஜனவரி 13

பொங்கலுக்கு ஊருக்கு. பட்டறைச் சாவி கந்தையா அண்ணாச்சியிடம். பட்டறை உதவியாளர், முப்பது வருஷ ஆள். அவரையும் முழுதாக நம்ப முடியாது. யார் கேட்டாலும் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஜனவரி 20

வந்ததும் வராததுமாக மீதி ஐந்து பெட்டிகளையும் சோதித்து, "கசிவு இல்லை" என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் முடிந்தது. தெரிந்தவன் செய்தால் வேலை இப்படித்தான் இருக்கும். பிறகு மெஸ்ஸுக்குப் போனேன். இன்றும் அதே கத்தரிக்காய்.

அலமாரியில் வெல்டிங் ராடுகளை எண்ணிவைத்தேன். நூற்றுப் பதினாறு.

ஜனவரி 27

தொண்ணூற்றெட்டு ராடுதான் இருக்கிறது. இந்த வாரம் எஞ்சின் தாங்கிக்கு நாங்கள் எடுத்தது ஏழு. பதினொன்றைக் காணோம். சும்மா விடுகிற எண்ணிக்கையா இது?

இஸ்ரவேலிடம் சொன்னேன். "ஏல கோமதி, பதினோரு குச்சிக்காகவா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வெல்டிங் ராடத் திருடி யாராவது முறுக்கா பொரிக்கப் போறாவ?" என்றான். அவனுக்கு எல்லாமே விளையாட்டு.

ஜனவரி 30

பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம், பெரிய பாட்டில், புதிது. சோதனைக்காக நான் வாங்கிவைத்தது. கால்வாசி கூட இல்லை. நான் ஒரு தரம்தான் தொட்டேன். எவனாவது சோப்புத் தண்ணீரைத் திருடுவானா? இந்தப் பல்கலைக்கழகத்தில் திருடுகிறார்கள். கிரைண்டர் சக்கரமும் தேய்ந்து பாதியாகிவிட்டது.

பேச்சியம்மாளின் அண்ணன் டவுனில் கேட், ஜன்னல் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறானாம். ராடு, கிரைண்டர் சக்கரம் எல்லாம் அங்கே வேண்டியிருக்கும். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 3

அளவுநாடா கிடைத்துவிட்டது. என் கட்டிலுக்குக் கீழே, என் பையிலேயே. நான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றே யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆள் சாதாரண ஆள் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

இன்று கண்டுபிடித்தது பெரிய விஷயம்.

எஞ்சின் தாங்கியைப் பொருத்துவதற்காக ஒன்றாம் பெட்டியைக் கவிழ்த்தோம். அடித்தகட்டு வெல்டைப் பார்த்தேன். வெல்டு வைத்தால் மேலே மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழும். நான் இடக்கைக்காரன். வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கமாகத்தான் போவேன். என் செதில் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஒன்றாம் பெட்டியில் செதில் எதிர்த்திசையில் பார்க்கிறது. என் வெல்டை யாரோ தேய்த்து எடுத்துவிட்டு மேலே வேறு வெல்டு வைத்திருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? பக்கத்தில் "கோ" என்று எழுத்தும் இருக்கிறது. அது என் எழுத்து இல்லை. என் கொம்பு இப்படி வளையாது. என் வெல்டை அழித்து, என் எழுத்தையே போலியாகப் போட்டிருக்கிறார்கள்!

எதற்காக? நான் யோசித்தவரை ஒரே பதில்தான். வெள்ளோட்டத்தன்று படகு கவிழ வேண்டும். கவிழ்ந்தால் பெட்டியில் யார் எழுத்து இருக்கும்? என் எழுத்து. இதைவிட நன்றாகத் திட்டம் போட முடியாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது, எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

யாரிடமும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. மடியில் கனம்.

பிப்ரவரி 11

அலமாரிக் கதவு இடுக்கில் ஒரு நூலை ஒட்டிவைத்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு எல்லாரோடும் சாப்பிடப் போனேன். ஒன்றரைக்கு வந்தால் நூல் அறுந்து கிடக்கிறது. ஆக, சாப்பாட்டு நேரம். அவள் மட்டும் கேன்டீனுக்கு வருவதில்லை, டிபன்பாக்ஸ் கொண்டுவருகிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

கந்தையா அண்ணாச்சியைப் பிடித்து, மத்தியானம் சாவியை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "வேல செய்யணும்னு கேட்டா கொடுக்கேன் தம்பி. தூங்கணும்னு கேட்டாத்தான் கொடுக்கமாட்டேன்."

"என் வெல்டை அழிச்சிருக்காங்க அண்ணாச்சி."

"அவனவன் முதுகு அவனவனுக்குத் தெரியாது தம்பி. ஒருக்க நல்லா உத்துப் பாருங்க, பழசையும் புதுசையும்."

அவரும் உடந்தை. எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பிடித்துவிட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பட்டறைப் பின்வாசல் வழியாக நுழைந்தேன். ஐந்தாம் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரைக் கையில் எடுத்திருக்கிறாள். தரையில் சோப்புத் தண்ணீர் டம்ளர், பிரஷ், சைக்கிள் பம்பு. மேசை மேல் டிபன்பாக்ஸ் திறக்காமலே இருக்கிறது. பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் டப்பா, ஒரு சின்னத் தூரிகை.

"கிரைண்டரக் கீழ வை" என்றேன்.

வைத்தாள். திடுக்கிட்ட மாதிரியே இல்லை, களைத்துப்போன மாதிரி இருந்தாள். "அண்ணே, இதுல ஓட்டை இருக்கு. நீங்களே பாருங்க, குமிழி வருது."

"ஓட்டையப் போட்டதே நீதான? எத்தன பெட்டியில கை வச்ச?"

"நாலு முடிச்சாச்சு. அஞ்சும் ஆறும் பாக்கி. இன்னும் ரெண்டு நாளு விட்டீங்கன்னா போதும்ணே. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

ரெண்டு நாள் அவகாசம் கேட்கிறாள்! செய்கிற நாசத்துக்கு அவகாசம் கேட்ட முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள். குமிழியைப் பார்க்க நான் குனியவில்லை. பார்த்தால் அவள் பேச்சில் விழுந்துவிடுவேன் என்று தெரியும்.

பிப்ரவரி 14

முகைதீன் சார் அறை. எங்கள் துறைப் பேராசிரியர், குழுவின் ஆலோசகர். நான் ராடு கணக்கு, சோப்புக் கணக்கு, நூல், போலி எழுத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கையெழுத்திட்ட புகாரையும் கொடுத்தேன்.

சார் அவளைக் கேட்டார். "ஓட்டை இருந்துச்சுன்னா ஏன்மா கேப்டன்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் சார். ஜனவரியில."

பழைய கதையை இழுத்தாள். சார் என்னைப் பார்த்தார். ரெஜிஸ்டரைக் காட்டினேன். ஆறு பெட்டியும் கசிவு இல்லை, தேதியோடு, கையெழுத்தோடு. அவளிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? என் பழைய வெல்டு தூசியாகிக் குப்பைக்குப் போய்விட்டது. சார் பெருமூச்சு விட்டு, அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். பட்டறைப் பக்கம் வரக்கூடாது. முறையான விசாரணை பிறகு.

வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "வலது பக்கம் அஞ்சும் ஆறும். இஸ்ரவேல் அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுல்லா. பாத்துக்கோங்க."

இது மிரட்டல் இல்லாமல் வேறு என்ன?

பிப்ரவரி 17

பெட்டிகள் ஆறுக்கும் இரண்டு கோட்டு பச்சை பெயின்ட். அமலைச்செடி நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று இஸ்ரவேல் கிண்டல் பண்ணினான். செதிலெல்லாம் பெயின்டுக்குள் மறைந்துவிட்டது. எழுத்தை மட்டும் மறைக்காமல் "கோ" தெரியும்படி விட்டேன்.

ராடு எண்ணிக்கை சரியாக இருக்கிறது. நான்கு நாளாக ஒன்றுகூடக் குறையவில்லை. நான் சொன்னது சரிதானே?

பிப்ரவரி 24

இன்று யாரும் இல்லாத நேரத்தில் சும்மா ஆறாம் பெட்டி பக்கம் போனேன். சும்மாதான். பம்பை எடுத்தேன். வாஷர் கிழிந்திருந்தது. வைத்துவிட்டேன்.

கந்தையா அண்ணாச்சி எங்கிருந்தோ பார்த்திருக்கிறார். "புது வாஷர் இருக்கு தம்பி, அஞ்சு நிமிசத்துல போட்டுருவேன்" என்றார். பெயின்ட் கெட்டுவிடும், வேண்டாம் என்றேன். "பெயின்டு திரும்ப அடிச்சிக்கிடலாம்" என்றார். இவர் ஏன் இவ்வளவு அக்கறைப்படுகிறார்? அவள் சொல்லி அனுப்பியிருப்பாள். நான் அந்த வெல்டில் கை வைக்க வேண்டும், தேதி தள்ளிப்போக வேண்டும், குழு அவமானப்பட வேண்டும். அவ்வளவும் எனக்குப் புரிகிறது.



மார்ச் 4

அசைன்மென்ட் மூன்று பாக்கி. முடி வெட்டிக்கொண்டேன். நூலகத்தில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். எழுந்து வந்து ஏதாவது கேட்பாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. திமிர்.

மார்ச் 13

படகை டிராக்டர் வண்டியில் ஏற்றி செங்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் குண்டும் குழியும், இரும்பு கடகடவென்று ஆடியது. வலது பின்பக்கப் பெயின்டில் ஒரு கீறல். தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஊரில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு போகமா மடை திறக்க முடியல ஐயா. நீங்க நல்லா இருக்கணும்" என்றார்.

மார்ச் 14, சனி

எழுதத்தான் வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். மிதந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு மாலை, பேச்சு, போட்டோ என்று பதினொன்றரை ஆகிவிட்டது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று பஞ்சாயத்துத் தலைவருக்கு மாட்டிவிட்டேன். அவர் கரையில் நின்றார். இஸ்ரவேல் படகில் ஏறினான்.

"ஏல, எனக்கு?" என்றான்.

"பத்து நிமிஷந்தாம்ல. போயிட்டு வா" என்றேன்.

பட்டை சுற்றியது. செடி வாரி வாரி மேலே ஏறியது. ஊரே கரையில் நின்று கூவியது. நானும் கூவினேன். படகு நடுக்குளத்துக்குப் போகும்போது வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி தெரிந்தது. செடிப் பாரம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவது பொய். அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். எந்தப் பெட்டி என்றுகூடத் தெரியும். திரும்பி வா என்று நான் கத்துவதற்குள் வலது பின்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஏற்றிய செடி மொத்தமும் சரிந்தது. இஸ்ரவேல் அதோடு சேர்ந்து விழுந்தான்.

அமலைச்செடிக்குள் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனே திணறுவான். வேர் காலைச் சுற்றும். ஒரு கை தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நான் குளத்தில் குதித்தேன். இடுப்பளவுக்கு மேல் என்னால் போக முடியவில்லை, செடி விடவில்லை. "இஸ்ரவேலு! இஸ்ரவேலு!" என்று கத்திக்கொண்டே நின்றேன். இரண்டு மீன்காரர்கள் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

படகு முழுசாக மூழ்கவில்லை. இடது பக்கமும் வலது முன் மூலையும் தண்ணீருக்கு மேலேயே நின்றன. அந்த முன் மூலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இஸ்ரவேல் தொங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் போய்ச் சேரும்வரை அது அவனைத் தாங்கியது.

உயிரோடு இருக்கிறான். இப்போது ஆஸ்பத்திரியில்.

மார்ச் 15

நுரையீரலில் தண்ணீர், காய்ச்சல். புதன்கிழமை அனுப்பிவிடுவார்களாம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் குதிச்சியாம்ல, கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு மக்கா" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இஸ்ரவேலுக்குக் குரல் போயிருந்தது. ஆனாலும் பேசினான். "உன் படகு பாதிதாம்ல முழுகிச்சு. பாஸ் மார்க்கு வந்துரும். அந்த முன் மூல, நாலாம் பெட்டிதான அது? அது மட்டும் இல்லன்னா நான் போயிருப்பேன். அதுக்கு யாருல வெல்டு வச்சா?"

"நான்தான்" என்றேன்.

அதில் "கோ" என்றுதானே இருக்கிறது.

சாயங்காலம் முகைதீன் சார் போன் பண்ணினார். அவர் குரலே சரியில்லை. "அந்தப் பொண்ணு கை வச்ச பெட்டிதான உடைஞ்சது? உன் புகார் கையில இருக்கு. புதன்கிழமை பத்து மணிக்கு விசாரணைக் குழு. ஒரு உயிர் போகப் பாத்திருக்கு. ஒரு வருஷமாவது நிறுத்திவச்சிருவாங்க. அவளப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிக் கொண்டுவா."

சரி சார் என்றேன்.

மார்ச் 16

படகு பட்டறைக்கு வந்துவிட்டது. கந்தையா அண்ணாச்சியிடம் சாவி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பம்பையும் எடுத்து நீட்டினார். புது வாஷர் போட்டிருந்தார்.

ஐந்து, ஆறிலிருந்த தண்ணீரை வடித்தேன். ஆறு பெட்டியிலும் அடித்தகட்டுப் பெயின்டைச் சுரண்டினேன். காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒழுங்காகச் செய்தால் ஒரு பெட்டிக்கே அரை மணி ஆகிறது. ஐந்தாம் பெட்டியில் பதினேழு இடத்தில் குமிழி. ஆறாம் பெட்டியில் எண்ணவே முடியவில்லை, ஒரு பக்கம் வெல்டே கீறி வாய் திறந்திருந்தது. இரண்டிலும் செதில் வலமிருந்து இடம். என் செதில்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இந்த நான்கிலும் செதில் எதிர்ப்பக்கம். ஒரு குமிழி இல்லை. காதை வைத்துக் கேட்டேன், ஒரு சீறல்கூட இல்லை. நாலாம் பெட்டியை இரண்டு தடவை சோதித்தேன். மூன்றாம் தடவையும் சோதித்தேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராடு, சக்கரம், சோப்பு. எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு மத்தியானமும் சாப்பிடாமல், ஒரு பெட்டி, ஒரு பெட்டியாக.

"உங்க கண்ணுல படும்னு நெனச்சேன் தம்பி. பாக்க மாட்டேன்னு நிக்கிற ஆளுக்கு எப்படிக் காட்டுதது?" என்றார் அண்ணாச்சி. அவர் குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும்.

மார்ச் 17

நூலகத்துக்கு எதிரே டீக்கடை. பேச்சியம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். போனேன். முதலில் அவள்தான் கேட்டாள்.

"இஸ்ரவேல் அண்ணன் எப்படி இருக்காங்க?"

"இருக்கான். நாளைக்கு வந்துருவான்." "நாலு பெட்டியும் நான் சோதிச்சேன். ஒண்ணுமே கசியல" என்றேன்.

"கசியாது" என்றாள்.

"எதுக்கு என் எழுத்தையே திரும்பப் போட்ட?"

"மரியாதைன்னு நெனச்சீங்களாக்கும்?" டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "எழுத்து இல்லன்னா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க. முதப் பெட்டியோட நிறுத்தியிருப்பீங்க. எனக்கு ஆறும் முடியணும். அதுக்காவத்தான்."

"என்கிட்ட இன்னொரு தடவ சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னதக் கேக்க ஆளு வேணும்லா. ஒருக்க சொன்னேன். நீங்க பைக்குள்ள கைய விட்டு எதை எடுத்தீங்கன்னு நான் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சார்கிட்ட அத ஏன் சொல்லல?"

"நீங்க கேப்டன். நான் லேட்டரல். யாரு நம்புவா?"

மன்னிச்சிடு என்று தொடங்கினேன். கையை நீட்டி நிறுத்திவிட்டாள். கிரைண்டர் பிடித்துக் காய்ப்பேறிய கை. விரல் நகத்தில் மஞ்சள் பெயின்ட் இல்லை, அது போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. "அதெல்லாம் அப்புறம்ணே. டிப்ளமோ முடிச்சு ரெண்டு வருஷம் எங்க அண்ணன் பட்டறையில நின்னுட்டுத்தான் இங்க வந்தேன். இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா வீட்டுல திரும்ப அனுப்ப மாட்டாவ. நாளைக்குப் பத்து மணிக்கு என்ன சொல்லப் போறீங்க? அத மட்டும் சொல்லுங்க."

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள்.

மார்ச் 18, புதன். காலை 9.20

விசாரணைக் குழுவுக்குக் கடிதம் எழுத நாலு தாளை வீணாக்கினேன். நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் என்னை நல்லவனாகவே காட்டுகிறது. அந்தத் திறமை எனக்கு எங்கிருந்து வந்ததோ. ஆகவே இந்த நோட்டையே கொடுத்துவிடப்போகிறேன். அவளைப் பிடிப்பதற்காகத் தேதி போட்டு எழுதியது. யாரைப் பிடித்திருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். இஸ்ரவேலுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், நாலாம் பெட்டி என்னுடையது இல்லை என்று. "அப்ப அந்த ஜாக்கெட்டும்லா இருக்கு, அதையும் எழுதிட்டியா?" என்றான். எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 9 அன்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நேற்று அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை. விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அன்று ஒன்றாம் பெட்டியில் குமிழி வந்தது. கொண்டைக்கடலை அளவு. பேச்சியம்மாள் விரலை வைத்துக் காட்டி, "அண்ணே, இங்க கசியுது" என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அதை எல்லாருக்கும் கேட்கும்படி ஆக்கியது என் சத்தம்தான். நான் கைக்குட்டையை எடுத்துக் குமிழியைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, எங்கே கசியுது, காட்டு என்றேன். அடுத்த குமிழி ஊதி வருவதற்குள் பம்பைப் பிடுங்கிவிட்டேன். மற்ற ஐந்து பெட்டிகளில் நான் பம்பை மாட்டவே இல்லை. வெறும் சோப்பைத் தடவினேன், ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

கோ. கோமதிநாயகம்.

நோட்டில் ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. என்னை நம்ப வேண்டாம், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.